நினைவின் கிளைகளை வரைந்த மேதை

மனிதன் பெற்றுள்ள செல்வங்களுள் கள்வரால் கவரப்படாததும் வெள்ளத்தால் அழிக்கப்படாததும் நினைவே ஆகும். ஏடும் எழுத்தாணியும் அரிதாயிருந்த காலத்தில் நம் முன்னோர் ஆயிரக்கணக்கான பாடல்களைச் செவிவழியே கேட்டு நெஞ்சில் நிறுத்தி வழிவழியாக நமக்கு அளித்தனர். ஒரே நேரத்தில் பலர் தொடுக்கும் பல்வேறு வினாக்களையும் மனத்தில் வாங்கி, ஒன்றையும் விடாமல் விடையிறுக்கும் அவதானக் கலை நம் நாட்டில் சிறந்து விளங்கிற்று. நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களை ஒருங்கே நினைவிற்கொண்டு காட்டிச் சதாவதானி எனப் புகழ்பெற்ற செய்தி தமிழுலகம் நன்கறிந்ததே.

நினைவின் ஆற்றலை நாம் போற்றினோம். ஆனால் அந்நினைவு நம் உடம்பில் எங்கே தங்குகிறது? எவ்வாறு தங்குகிறது? தேர்வுக்கு முதல்நாள் இரவு கண்விழித்துப் படித்த ஒரு பக்கம், மறுநாள் தேர்வுக் கூடத்தில் எந்த அறையிலிருந்து எழுந்து வருகிறது? சில வேளைகளில் வராமலே நம்மைக் கைவிட்டு விடுகிறதே, அது ஏன்? இவ்வினாக்களுக்கு விடை தேடும் பாதையில் முதல் விளக்கை ஏற்றி வைத்தவர் ஸ்பெயின் நாட்டு மேதை சந்தியாகோ ரமோன் இ கஹால். படிக்காத பிள்ளை என்று தந்தையால் வெறுக்கப்பட்டு, பின்னர் உலகம் போற்றும் அறிஞராய் உயர்ந்த அவருடைய வரலாறு மாணவராகிய நாம் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்றாகும்.

பிறப்பும் இளமையும்

கஹால் 1852ஆம் ஆண்டு மே திங்கள் முதல் நாள், வட ஸ்பெயினின் மலைப்பகுதியிலுள்ள பெத்தில்லா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஊர் ஊராகச் சென்று மருத்துவம் பார்த்தவர். வறுமையோடு போராடித் தம் முயற்சியாலேயே படித்து முன்னேறியவர். ஆதலால், கல்வியைத் தவிர வேறு எதனையும் அவர் மதித்ததில்லை. மகனோ ஓவியப் பித்தன். சுவர் கண்டால் சுவரில், தாள் கண்டால் தாளில், படம் வரைந்துகொண்டே இருப்பான். ஓவியம் சோம்பேறிகளின் தொழில் என்பது தந்தையின் முடிவு. அவர் மகனின் தூரிகைகளையும் தாள்களையும் பறித்து வைத்தார். ஊர்க் கோயிலுக்கு வெள்ளையடிக்க வந்த ஒருவரிடம் பையனின் படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்டாராம். அவரும் இப்பிள்ளைக்கு ஓவியம் வராது என்று தீர்ப்புக் கூறிவிட்டார்.

பள்ளியிலோ பிரம்படியும் பட்டினி தண்டனையும் மிகுதி. பொருள் உணராமல் ஒப்பிக்கும் பாடமுறை அச்சிறுவனுக்குப் பிடிக்கவில்லை. நினைவைப் பற்றி உலகிற்கு உண்மை உரைக்கப் பிறந்தவன், மனப்பாடம் செய்ய மறுத்து அடிவாங்கினான் என்பது வியப்புக்குரிய முரண். குறும்புக்கும் குறைவில்லை. பதினோராம் வயதில் தானே ஒரு மரப் பீரங்கி செய்து, பக்கத்து வீட்டுக்காரரின் புதிய வாயிற் கதவைத் தகர்த்து, அதற்காகச் சில நாள் சிறையிலும் இருந்தான். மகன் தேறமாட்டான் என்று எண்ணிய தந்தை அவனை முடிதிருத்துபவரிடமும், பின்பு காலணி தைப்பவரிடமும் தொழில் பழக விட்டார். அத்தொழிலைப் பையன் நன்றாகவே கற்றுக்கொண்டான். அவனுடைய கைகள் அன்று பெற்ற பயிற்சி பிற்காலத்தில் வீண்போகவில்லை.

வாழ்வைத் திருப்பிய எலும்புகள்

1868ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை கஹாலின் வாழ்வில் ஒரு திருப்புமுனையாக அமைந்தது. தந்தையார் மகனை ஒரு பழைய இடுகாட்டிற்கு அழைத்துச் சென்று, அங்குக் கிடந்த எலும்புகளைக் கொணர்ந்து உடற்கூற்றியல் கற்பிக்கத் தொடங்கினார். பதினாறு வயது இளைஞன் அவ்வெலும்புகளைக் கண்டு அஞ்சவில்லை. அவனுக்கு அவை படம் வரைவதற்குரிய அழகிய வடிவங்களாகத் தோன்றின. ஒவ்வோர் எலும்பின் மேடு பள்ளங்களையும் கூர்ந்து நோக்கி வரைந்தான். வரைய வரைய அவை மனத்தில் பதிந்தன. ஒப்பித்துப் பதியாத பாடம் கையால் வரைந்தபோது பதிந்தது! ஓவியத்தை வெறுத்த தந்தையும் அன்றுமுதல் அப்படங்களைக் கண்டு பெருமிதம் கொண்டார். இவ்வாறு பகையாய் நின்ற ஓவியமும் அறிவியலும் அவ்விளைஞனிடம் கைகோத்துக் கொண்டன.

சரகோசா நகரில் மருத்துவம் பயின்று 1873இல் பட்டம் பெற்றார். உடனே படையில் மருத்துவராகச் சேர்க்கப்பட்டு, அடுத்த ஆண்டு கியூபாவிற்கு அனுப்பப்பட்டார். அன்று கியூபா ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. காட்டின் நடுவே அமைந்த மருத்துவமனையில் நோயாளரைக் காத்த கஹால், தாமே மலேரியாவிற்கும் வயிற்றுக் கடுப்பிற்கும் ஆளாகி, எலும்பும் தோலுமாய் 1875இல் தாயகம் திரும்பினார். சில ஆண்டுகளில் காசநோயும் தாக்க, இரத்தம் கக்கினார். மலைப்பகுதியில் தங்கி உடல் தேறினார்.

கியூபாவில் ஈட்டிய பணத்தை அவர் என்ன செய்தார் தெரியுமா? வீடு வாங்கவில்லை, நிலம் வாங்கவில்லை. பாரிசு நகரில் செய்யப்பட்ட வெரிக் என்னும் நுண்ணோக்கி ஒன்றைத் தவணை முறையில் வாங்கினார். பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூட வசதி இல்லாத நிலையில், வீட்டையே ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டார். 1879இல் சில்வேரியா என்னும் மங்கையை மணந்தார். எழுவர் பிள்ளைகள் பிறந்த அக்குடும்பத்தைச் சிறு வருவாயில் நடத்தி, கணவரின் ஆய்வுச் செலவுக்கும் இடம்விட்ட அப்பெண்மணியின் தியாகம் சிறிதன்று.

1884இல் வலென்சியா நகரில் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு அங்கே காலரா பரவியது. சரகோசா மாநில நிர்வாகம் அந்நோயை ஆராய்ந்தறியும் பணியை அவரிடம் ஒப்படைத்தது. அப்பணிக்கு நன்றியாக ஜெர்மனியில் செய்யப்பட்ட உயர்ந்த சைஸ் நுண்ணோக்கி ஒன்று அவருக்குப் பரிசாக வந்தது. பழைய கருவியால் காணமுடியாதவற்றைக் காட்டிய அக்கருவியை அவர் பெருஞ்செல்வமாகப் போற்றினார்.

வலையா? தோப்பா?

அக்காலத்தில் மூளையைப் பற்றிய அறிவு எந்த அளவில் இருந்தது என்பதை இங்கே அறிந்துகொள்ளுதல் நலம். உடம்பின் பிற உறுப்புகள் தனித்தனி உயிரணுக்களால் ஆனவை என்பது உறுதியாகிவிட்டது. மூளை மட்டும் விதிவிலக்காக நின்றது. மூளையின் மெல்லிய துண்டை நுண்ணோக்கியில் வைத்தால், எங்கும் பின்னிப் பிணைந்த நூல்களே தெரிந்தன. எது எங்கே தொடங்குகிறது, எது எங்கே முடிகிறது என்று எவராலும் கூற இயலவில்லை. ஆகவே, அறிஞர் பலர் மூளை முழுவதும் தொடர்ச்சியான ஒரே வலை என்று கருதினர். நம் கடற்கரையில் உலர வைத்திருக்கும் மீன்வலையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் எந்தக் கண்ணும் தனியாக இல்லை. எல்லாம் ஒரே நூலின் தொடர்ச்சி. மூளையும் அவ்வாறே என்பது அக்கொள்கை.

இத்தாலி நாட்டவரான காமில்லோ கோல்கை 1873இல் ஒரு புதிய சாயமுறையைக் கண்டறிந்தார். உயிரியல் பாடத்தில் கோல்கை உறுப்பு என்று படிக்கிறோமே, அவ்வுறுப்பு இவர் பெயரையே தாங்கி நிற்கிறது. மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைகுரோமேட்டுக் கரைசலில் ஊறவைத்துக் கடினமாக்கி, பிறகு வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் இட்டால், பொன்னிறப் பின்னணியில் சில நரம்பணுக்கள் மட்டும் கன்னங்கறேலென்று முழு உருவத்தோடு தோன்றும். நூற்றில் ஒன்றிரண்டு அணுக்களே சாயம் ஏற்கும். அதுவே இம்முறையின் சிறப்பு. அடர்ந்த காட்டில் எல்லா மரங்களும் தெரிந்தால் ஒரு மரமும் தெரியாது. ஒரு மரம் மட்டும் ஒளிர்ந்தால் அதன் வேர் முதல் கொழுந்து வரை காணலாம் அல்லவா?

எனினும் இம்முறை எளிதில் கைகூடுவதன்று. பலர் முயன்று கைவிட்டனர். 1887இல் மத்ரித் நகரில் லூயிஸ் சிமார்ரோ என்னும் மருத்துவர் தம் இல்லத்தில் இச்சாயமிட்ட துண்டு ஒன்றைக் கஹாலுக்குக் காட்டினார். கண்ட கணமே கஹாலின் உள்ளம் துள்ளியது. அவ்வாண்டே பார்சலோனாவிற்கு மாற்றலாகிச் சென்றவர், இரவு பகலாக உழைத்தார். இருமுறை சாயமேற்றினார், துண்டுகளைச் சற்றுத் தடிமனாக வெட்டினார். எல்லாவற்றிற்கும் மேலாக, வளர்ந்த விலங்கின் மூளையை விட்டுக் கருவிலுள்ள குஞ்சுகள், இளங்குட்டிகள் ஆகியவற்றின் மூளையை எடுத்துக்கொண்டார். அவற்றில் நரம்பிழைகளின் மேல் கொழுப்புறை இன்னும் படர்ந்திராது; கிளைகளும் சிறியனவாகவே இருக்கும். முதிர்ந்த காட்டில் வழிதெரியாமல் தவிப்பதைவிட இளங்கன்றுகளின் தோட்டத்தில் நடப்பது எளிதன்றோ?

1888இல் அவர் உண்மையைக் கண்டார். நரம்பணு ஒவ்வொன்றும் தனியானது. ஒன்றின் இழை மற்றொன்றின் அருகே சென்று முடிகிறதே தவிர, அதனுள் கலந்துவிடுவதில்லை. மூளை வலையன்று, தோப்பு! மரங்களின் கிளைகள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. ஆனால் ஒவ்வொரு மரமும் தன் வேரில் தான் நிற்கிறது. அந்த ஆண்டிலேயே, நரம்பணுவின் கிளைகளில் ரோஜா முட்கள் போன்ற நுண்ணிய துருத்தல்கள் இருப்பதையும் கண்டார். அவை சாயத்தின் கசடே என்று சிலர் ஒதுக்கினர். கஹால் முற்றிலும் வேறான மெத்திலீன் நீலம் என்னும் சாயத்தைக் கொண்டும் அதே முட்களைக் காட்டி மெய்ப்பித்தார்.

கண்டதை வெளியிட ஏடு வேண்டுமே! தம் சொந்தச் செலவில் ஓர் ஆய்விதழைத் தொடங்கி, அறுபது படிகள் மட்டும் அச்சிட்டு அயல்நாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். ஸ்பானிய மொழியில் எழுதியதை யார் படிப்பார்? விடை வரவில்லை. 1889இல் கைப்பணத்தைச் செலவிட்டு, நுண்ணோக்கியும் கண்ணாடித் துண்டுகளுமாய்ப் பெர்லின் நகரில் கூடிய ஜெர்மன் உடற்கூற்றியல் கழகத்தின் கூட்டத்திற்குச் சென்றார். தட்டுத்தடுமாறிய பிரெஞ்சு மொழியில் விளக்கம் கூறினார். எழுபது வயதைக் கடந்த பேரறிஞர் கோலிக்கர் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தார், வியந்தார். அன்று முதல் கஹாலின் கொள்கைக்கு அவரே முன்னின்று துணைபுரிந்தார். 1891இல் வால்டையர் என்பார் இத்தனி அணுக்களுக்கு நியூரான் என்னும் பெயரைச் சூட்டினார்.

இவ்வெற்றிகளின் நடுவே இல்லத்தில் துயரமும் இருந்தது. பார்சலோனாவில் வாழ்ந்த நாளில் கஹால் இணையர் தம் மகள் ஒருத்தியை மூளைச் சவ்வுக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தனர். மூளையின் புதிர்களை அவிழ்த்தவராலும் அந்நோயைத் தடுக்க இயலவில்லை. மருத்துவம் அன்று அந்நிலையில்தான் இருந்தது.

கடற்குதிரைக்குள்ளே

1892இல் மத்ரித் பல்கலைக்கழகப் பேராசிரியராக உயர்ந்த கஹால், அடுத்த ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியே நம் தலைப்பிற்கு உயிர்நாடியானது. அது ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியைப் பற்றியது. ஹிப்போகாம்பஸ் என்றால் கடற்குதிரை என்று பொருள். மன்னார் வளைகுடாவில் வாழும் அச்சிறு மீனை நம்மவர் பலர் பார்த்திருப்பர். நம் காதுகளுக்கு நேர் உள்ளே, மூளையின் இருபுறமும், வளைந்த உடலும் சுருண்ட வாலுமாய் அவ்வுருவத்தில் அமைந்த பகுதிக்கு 1587இல் இத்தாலியரான அரான்சி அப்பெயரிட்டார். வேறு சிலர் அதனை ஆட்டுக்கடாவின் கொம்புக்கு ஒப்பிட்டு, எகிப்தியத் தெய்வத்தின் பெயரால் அம்மோன் கொம்பு என்றனர்.

மூளையின் பிற பகுதிகளில் நரம்பணுக்கள் பல அடுக்குகளாய் நெருங்கிக் கிடக்க, இங்கே அவை ஒரே வரிசையாக, ஒழுங்காக அணிவகுத்து நிற்கின்றன. நம் புதுச்சேரியின் நேர்நேரான தெருக்களைப் போல, எந்தத் தெரு எங்குச் சென்று சேரும் என்று தொடர்ந்து நடந்து காணலாம். கஹால் அவ்வாறே நடந்தார். ஓர் இழையையும் விடாமல் பின்தொடர்ந்து வரைந்தார். செய்தி செல்லும் திசையைச் சிறு அம்புக்குறிகளால் காட்டினார். நரம்பணு தன் கிளைகளால் செய்தியை வாங்கி, நீண்ட ஒற்றை இழையால் அடுத்த அணுவுக்குக் கொடுக்கிறது என்பது அவர் 1891இல் வகுத்த விதி. அவ்விதியின்படி அவர் இட்ட அம்புக்குறிகள் பிற்கால மின்கருவிகளின் சோதனையிலும் பெரும்பாலும் சரியாகவே நின்றன.

அப்பாதையைச் சுருக்கமாகக் காண்போம். கண், செவி முதலிய புலன்களின் செய்திகள் மூளையின் மேற்பரப்பில் பலவாறு ஆராயப்பட்டு, ஹிப்போகாம்பசுக்கு அருகிலுள்ள வாயிற்பகுதியை வந்தடைகின்றன. அங்கிருந்து முதல் நிலையமாகிய பற்சுருளுக்குச் செல்கின்றன. அங்கே மணிமணியான சிற்றணுக்கள் நெருங்கியுள்ளன. அவற்றின் இழைகள் பாசி படர்ந்தாற்போல் காணப்படுவதால் பாசியிழைகள் எனப்படும். அவை இரண்டாம் நிலையத்திலுள்ள கோபுர வடிவான பேரணுக்களைச் சென்று தொடுகின்றன. அக்கோபுர அணுக்கள் தமக்குள்ளேயும் ஒன்றோடொன்று இழைவிட்டுப் பேசிக்கொள்கின்றன. மூன்றாம் நிலையத்திற்கும் செய்தி அனுப்புகின்றன. மூன்றாம் நிலையத்திலிருந்து செய்தி மீண்டும் வாயிற்பகுதி வழியே மூளையின் மேற்பரப்புக்குத் திரும்புகிறது. கஹாலின் மாணவரான லொரெந்தே தெ நோ 1934இல் கோபுர அணுக்களின் வரிசையைச் சிஏ 1 முதல் சிஏ 4 வரை எனப் பிரித்துப் பெயரிட்டார். இன்றும் உலகெங்கும் அப்பெயர்களே வழங்குகின்றன.

இவ்வமைப்பின் நுட்பத்தை எண்களால் உணரலாம். எலியின் மூளையில் ஒரு பக்கத்தில் வாயிற்பகுதி அணுக்கள் சுமார் 2 இலட்சம். பற்சுருளின் சிற்றணுக்கள் சுமார் 10 இலட்சம். அடுத்த நிலையத்துக் கோபுர அணுக்கள் சுமார் 3 இலட்சம். 2 இலட்சம் பேரிடமிருந்து வரும் செய்தி 10 இலட்சம் பேரிடையே பரப்பப்படுகிறது. அவருள்ளும் மிகச் சிலரே ஒரு நேரத்தில் விழித்தெழுவர். இதனால், ஒத்த தோற்றமுடைய இரு நிகழ்ச்சிகள் வெவ்வேறு அணுக்களிடம் சென்று சேர்ந்து தனித்தனியே பதிகின்றன என்று இன்றைய அறிஞர் கருதுகின்றனர். நேற்று மிதிவண்டியை நிறுத்திய இடமும் இன்று நிறுத்திய இடமும் நம் மனத்தில் குழம்பாமைக்குக் காரணம் இதுவே என்பர். கோபுர அணுக்களோ ஒவ்வொன்றும் தம் இனத்தாரிடமிருந்தே சுமார் 12,000 இணைப்புகளைப் பெறுகின்றன. ஆதலால், ஒரு நிகழ்ச்சியின் சிறு துணுக்குக் கிடைத்தாலும் கூட்டத்தில் சிலர் விழித்து மற்றவரை எழுப்ப, முழு நினைவும் உயிர்பெறுகிறது. பாட்டின் முதற்சொல் கேட்டவுடன் பாட்டு முழுவதும் நாவில் வருகின்றதே, அது போல!

பிரெஞ்சு மொழியில் ஒலித்த உண்மை

1894ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் லண்டன் ராயல் கழகம் தன் புகழ்மிக்க குரூனியன் சொற்பொழிவை நிகழ்த்தக் கஹாலை அழைத்தது. அவர் பிரெஞ்சு மொழியில் உரையாற்றினார். அவ்வுரையில்தான் நினைவைப் பற்றிய அவருடைய துணிவான கருத்து வெளிப்பட்டது. கற்பதனால் மூளையில் புதிய அணுக்கள் தோன்றுவதில்லை. ஆனால் பயிற்சியினால் இருக்கும் அணுக்களின் கிளைகள் செழிக்கின்றன, அவற்றிடையே இணைப்புகள் வலுக்கின்றன, புதிய இணைப்புகளும் உண்டாகின்றன என்பது அக்கருத்தின் சாரம். இணைப்பு நிகழும் அவ்விடத்திற்குச் சினாப்சு என்னும் பெயரே 1897இல்தான் பிறந்தது. பெயர் பிறப்பதற்கு முன்பே அதன் பணியைக் கஹால் உய்த்துணர்ந்தார்!

அவருடைய பெருநூல் 1897 முதல் 1904 வரை ஸ்பானிய மொழியில் வெளிவந்தது. அதனை உலகறியச் செய்தது லியோன் அசுலே செய்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பே. அதன் முதற்பகுதி 1909இலும் இரண்டாம் பகுதி 1911இலும் வெளியாயின. பாரதியார் நம் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த மறு ஆண்டு அது. நம் ஊர் மருத்துவப் பள்ளியில் அந்நாளில் உடற்கூற்றியல் பிரெஞ்சு மொழியிலேயே கற்பிக்கப்பட்டது. அப்பள்ளியே பின்னர் ஜிப்மர் என வளர்ந்தது. ஸ்பெயினின் மலைச் சிற்றூரில் பிறந்த ஒருவரின் உழைப்பு, நம் ஊர் மாணவர் அறிந்திருந்த மொழியின் வழியேதான் உலகை வலம் வந்தது என்பது நமக்குத் தனி மகிழ்ச்சி தருவதாகும்.

ஒரே மேடையில் இருவர்

1906ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபெல் பரிசு கோல்கைக்கும் கஹாலுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. சாயத்தைக் கண்டவர் ஒருவர்; அச்சாயத்தால் உண்மையைக் கண்டவர் மற்றொருவர். ஸ்டாக்ஹோமில் இருவரும் முதன்முறையாக நேரில் சந்தித்தனர். ஆனால் கோல்கை மூளை ஒரே வலை என்னும் பழங்கொள்கையை விடவில்லை. டிசம்பர் 11ஆம் நாள் நோபெல் உரையிலேயே நியூரான் கொள்கையைக் கடுமையாகத் தாக்கினார். மறுநாள் கஹால் பேசினார். வசைக்கு வசை கூறவில்லை. தாம் கண்ட சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். வழக்கைக் காலம் தீர்த்தது. 1950களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி, இரு நரம்பணுக்களுக்கிடையே மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள இடைவெளியைத் தெளிவாகக் காட்டியது. ஒரே கருவியை ஏந்தி ஒரே காட்சியைக் கண்ட இருவருள் ஒருவர் தம் கொள்கையைக் கண்டார். மற்றவர் உள்ளதைக் கண்டார். ஆராய்ச்சி செய்யும் ஒவ்வொருவரும் நெஞ்சிற் பதிக்க வேண்டிய பாடம் இது.

புகழ் வந்தபின்னும் கஹால் ஓயவில்லை. 1907 முதல் ஸ்பெயின் நாட்டு இளைஞரை உதவித்தொகை தந்து அயல்நாடுகளுக்கு அனுப்பிப் படிக்க வைக்கும் குழுவின் தலைவராக இருந்து தொண்டாற்றினார். வண்ணப் புகைப்படக் கலையைப் பற்றி நூல் எழுதினார். 1930இல் மனைவியை இழந்தார். 1934ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் மத்ரித் நகரில் தம் 82ஆம் வயதில் மறைந்தார்.

பின்வந்தோர் கண்டவை

கஹால் ஹிப்போகாம்பசின் தெருக்களை வரைந்தாரே அன்றி, அதுவே நினைவின் வாயில் என்று அவர் காலத்தில் எவரும் அறியார். 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு வலிப்பு நோயைத் தீர்க்கும்பொருட்டு இருபக்க ஹிப்போகாம்பசின் பெரும்பகுதியும் அகற்றப்பட்டது. வலிப்புத் தணிந்தது, ஆனால் புதிய நினைவு எதுவும் அவரிடம் தங்கவில்லை. சற்று முன் பேசியவரையும் மறந்தார். இளமை நினைவுகள் பல இருந்தன. கைத்திறன்களைப் புதிதாகப் பழகவும் முடிந்தது. ஆயினும் 2008இல் இறக்கும்வரை அவருக்கு ஒவ்வொரு நாளும் தொடர்பற்ற தனிநாளாகவே கழிந்தது. அவர் இழந்ததனால் உலகம் அறிந்தது பெரிது.

1971இல் லண்டனில் ஓகீஃப் என்பார், எலி ஒரு குறிப்பிட்ட இடத்தை அடையும்போது மட்டும் கிளர்ந்தெழும் அணுக்களை ஹிப்போகாம்பசில் கண்டார். 1973இல் பிளிஸ், லோமோ என்னும் இருவர் முயலின் மூளையில், பற்சுருளுக்குச் செல்லும் இழைகளை விரைந்து தூண்டினால் அவ்விணைப்புகள் பல மணி நேரம் வலுப்பெற்று நிற்பதைக் காட்டினர். பயிற்சியால் இணைப்பு வலுக்கும் என்ற கஹாலின் உய்த்துணர்வு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின் கண்ணெதிரே நிகழ்ந்தது. 2012இல் அமெரிக்காவில் தொனேகாவா குழுவினர், எலி அஞ்சிய வேளையில் விழித்திருந்த பற்சுருள் அணுக்களை அடையாளமிட்டு, பின்னர் வேறோர் இடத்தில் அவற்றை ஒளியால் தூண்டியபோது எலி மீண்டும் அச்சத்தால் உறைந்து நின்றது.

ஆகவே, நினைவு என்பது ஓர் அணுவுக்குள் பூட்டி வைத்த பொருளன்று. ஒருங்கே விழித்த அணுக்களின் கூட்டம். நம் கல்லூரியில் ஒரே மாணவர் தமிழ் மன்றத்திலும், நாட்டு நலப்பணித் திட்டத்திலும், கால்பந்துக் குழுவிலும் உறுப்பினராக இருக்கலாம் அல்லவா? அதுபோல ஓர் அணு பல நினைவுகளில் பங்குகொள்ளும். ஆள் அவரே, அவர் கூடும் கூட்டம் வேறு. சில இலட்சம் அணுக்களால் எண்ணற்ற நினைவுகளைத் தாங்க முடிவது இதனாலேயே.

கஹால் தவறிய இடமும் உண்டு. வளர்ந்த மூளையில் புதிய நரம்பணு தோன்றாது என்று அவர் கருதினார். 1965இல் ஆல்ட்மன், கோபால் தாஸ் என்னும் இருவர், பிறந்து வளர்ந்த எலியின் பற்சுருளில் புதிய அணுக்கள் தோன்றுவதைக் காட்டினர். மனிதரில் அவ்வாறு நிகழ்கிறதா என்பது பற்றி அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர்.

2002இல் பெங்களூர் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி நமக்கு நெருக்கமானது. நாள்தோறும் துன்புறுத்தப்பட்ட எலிகளின் ஹிப்போகாம்பசில் கோபுர அணுக்களின் கிளைகள் குறுகிப்போயின. அச்ச உணர்வுக்குரிய மற்றொரு பகுதியிலோ கிளைகள் நீண்டன. இதனைக் காண அவர்கள் கையாண்ட முறை எது தெரியுமா? 1873இல் பிறந்த அதே கோல்கைச் சாயம்! இவ்வளவு காலத்திற்குப் பின்னும் அம்முறை நம் நாட்டு ஆய்வுக்கூடத்தில் உயிரோடு விளங்குகிறது. அச்சுறுத்தியும் அடித்தும் கற்பிக்கும் முறை கஹாலின் இளமையைக் கசப்பாக்கியதை இங்கே நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நிறைவாக

நண்பர்களே! நாம் ஒன்றைப் புரிந்து, எழுதி, வரைந்து, மீண்டும் மீண்டும் எண்ணிப் பயிலும்போது நம் தலைக்குள் உள்ள இணைப்புகள் மெய்யாகவே மாற்றமடைகின்றன. பகலில் கற்றதை இரவு உறக்கத்தில் ஹிப்போகாம்பசின் அணுக்கள் மீண்டும் ஓட்டிப் பார்க்கின்றன என்பதும் 1994 முதல் எலிகளிடம் அறியப்பட்ட செய்தி. ஆகவே, தேர்வு நாளுக்கு முன் உறக்கத்தைத் துறப்பது அறிவுடைமை ஆகாது. ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகப் பயில்வதே நிலைக்கும்.

பிறவியிலேயே அறிவு குறைந்தவன் என்று எவரையும் ஒதுக்குதல் தகாது. காலணி தைத்த கையே நுண்ணோக்கியின் கீழ் மூளையின் மெல்லிழைகளை வெட்டி எடுத்தது. தந்தை பறித்த தூரிகையே நோபெல் பரிசுக்கு வழிகோலிற்று. ஆய்வுக்கூடமும் பெருஞ்செல்வமும் இல்லை என்று நாம் ஏங்க வேண்டியதில்லை. தவணையில் வாங்கிய ஒரு நுண்ணோக்கியும், தளராத கண்களும், உள்ளதை உள்ளவாறே வரையும் நேர்மையும் போதும் என்று கஹாலின் வாழ்வு நமக்குக் காட்டி நிற்கிறது. அந்நேர்மையை நாமும் போற்றிப் பயின்று, நம் நாட்டுக்கும் மொழிக்கும் ஆக்கம் தேடுவோமாக!